சாஃப்ட்பால் லீக் தொடங்கப் போகிறீர்களா? முதலில் பிட்சரையும் அம்பயரையும் தேடுங்கள்

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்திலிருந்து ஒரு தம்பி, ஊரில் சாஃப்ட்பால் லீக் தொடங்குவது பற்றிக் கேட்டிருக்கிறார். பேஸ்பால் போல, பேட்டால் பந்தை அடித்துவிட்டு நான்கு பேஸ்களைச் சுற்றி ஓடி வந்து ரன் எடுக்கிற ஆட்டம் இது. கல்லூரியில் சாஃப்ட்பால் ஆடியவர், இப்போது ஊரோடு வந்துவிட்டார். ஆணும் பெண்ணுமாக ஐம்பது பேர் வரை ஆட வருவதாகச் சொல்கிறார்கள். பள்ளி மைதானம் ஒன்று ஞாயிறு மாலைகளில் கிடைக்கும். என்னென்ன வாங்க வேண்டும், எத்தனை அணி வைக்கலாம், எங்கே பதிவு செய்ய வேண்டும் என்பது அவர் கேள்வி.

தம்பி, மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் நீங்கள் கேட்காத ஒன்றைப் பேசியாக வேண்டும். பந்தை யார் வீசப் போகிறார்கள்? அம்பயராக யார் நிற்கப் போகிறார்கள்?

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பல வருடங்களுக்கு முன்னால் நாகர்கோவில் பக்கத்தில் நாங்கள் ஆறு அணி சேர்த்து ஒரு லீக் தொடங்கினோம். பள்ளிப் போட்டிகளில் ஆடுகிற அதே ஃபாஸ்ட் பிட்ச் ஆட்டம்தான், கையைச் சுழற்றி வேகமாகப் பந்து வீசுகிற வகை. ஆறு அணிக்கும் சேர்த்து ஒழுங்காகப் பந்து வீசத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். மீதி நான்கு அணிகள் ஆடினால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நான்கு பந்து தப்பாக விழுந்தால் பேட்டர் சும்மாவே முதல் பேஸுக்கு நடந்து போகலாம். அடுத்தவருக்கும் நான்கு, அவரும் நடந்தார். ஒருவர் பின் ஒருவராக நடந்தே ரன் வந்தது. ஃபீல்டிங் நின்றவர்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வெயிலில் நின்றார்கள். இரண்டு இன்னிங்ஸ் முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மூன்றாவது வாரம் பாதிப் பேர் வரவில்லை, ஐந்தாவது வாரம் லீக்கே இல்லை. கையில் கிளவ் இருந்தது, பேட் இருந்தது, மைதானமும் இருந்தது. பிட்சர் மட்டும் இல்லை.

அதனால் நான் உறுதியாகச் சொல்வது, முதல் இரண்டு சீசனை ஸ்லோ பிட்ச் முறையில் ஆடுங்கள். அமெரிக்காவில் வேலை முடிந்து மாலையில் ஆடுகிறவர்களின் லீக் பெரும்பாலும் இதுதான். பந்தைத் தாழ்ந்த கையால் மெதுவாக, வளைவாகத் தூக்கிப் போட வேண்டும். தரையிலிருந்து குறைந்தது 6 அடி உயரம் எழும்ப வேண்டும், 12 அடியைத் தாண்டக் கூடாது. வீசும் தூரம் 50 அடி. பேஸுக்குப் பேஸ் 65 அடி. அணிக்குப் பத்துப் பேர், ஃபாஸ்ட் பிட்சை விட ஒருவர் கூடுதல். பன்ட், அதாவது பேட்டை வீசாமல் பந்தை மெல்லத் தட்டி வைப்பது, கிடையாது. பேஸ் திருடுவதையும், அதாவது பந்து அடிபடாமலே அடுத்த பேஸுக்கு ஓடுவதையும், உங்கள் லீக்கில் விட்டுவிடுங்கள். யார் வேண்டுமானாலும் ஒரு மாலை பழகினால் வீசிவிடலாம். பந்து அடிபடும், ஃபீல்டர்கள் ஓடுவார்கள், கைதட்டல் கேட்கும். வந்தவர்கள் அடுத்த வாரமும் வருவதற்கு அதுதான் காரணமாக இருக்கும்.

இதில் ஒரு நல்ல வழி உண்டு. பேட்டர் நின்று அடிக்கிற இடத்திலுள்ள ஹோம் பிளேட்டுக்குப் பின்னால், பிளேட்டின் அதே 17 அங்குல அகலத்தில், இரண்டடி நீளத்தில் ஒரு ரப்பர் பாயை விரியுங்கள். சரியான வளைவில் வந்த பந்து பிளேட்டிலோ பாயிலோ விழுந்தால் ஸ்டிரைக் (மூன்று ஆனால் பேட்டர் அவுட்), வெளியே விழுந்தால் பால் (நான்கு ஆனால் பேட்டர் முதல் பேஸுக்கு நடக்கலாம்). புது அம்பயர் தோளையும் முட்டியையும் பார்த்துக் கணக்குப் போட வேண்டாம், பந்து விழுந்த தடமே சாட்சி. சண்டையில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். ரப்பர் ஊரில் இருந்துகொண்டு ரப்பர் பாய்க்கு அலைய வேண்டியதும் இல்லை. நேரம் மிச்சமாக, ஒவ்வொரு பேட்டருக்கும் ஒரு பால், ஒரு ஸ்டிரைக் என்ற கணக்கிலேயே தொடங்குங்கள். இரண்டு ஸ்டிரைக்குக்குப் பிறகு ஃபவுல் அடித்தால், அதாவது ஹோம் பிளேட்டிலிருந்து முதல், மூன்றாம் பேஸ் வழியாகப் போகிற இரண்டு கோட்டுக்கு வெளியே அடித்தால், அவுட் என்பது ஸ்லோ பிட்சில் பரவலாக உள்ள விதி, அதையும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது அம்பயர். உங்களிடம் வரப்போகிறவர்களில் பெரும்பாலோர் கிரிக்கெட் ஆடியவர்கள், கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்தால் கால்பந்து ஆடியவர்கள். கிரிக்கெட் பழகிய கை பந்தை நன்றாகவே அடிக்கும். ஆனால் மூன்று பழக்கங்களை முதல் நாளே மாற்ற வேண்டும். அடித்துவிட்டு ஓடலாமா வேண்டாமா என்று யோசித்து நிற்பது ஒன்று. பந்து அந்த இரண்டு ஃபவுல் கோட்டுக்கு உள்ளே உருண்டால் ஓடியே ஆக வேண்டும், விருப்பம் என்ற பேச்சே இல்லை. பேட்டைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடுவது இரண்டாவது. அதைக் கீழே போடச் சொன்னதும் சிலர் பின்னால் வீசி எறிவார்கள், அது பேட்டருக்குப் பின்னால் பந்து பிடிக்க உட்கார்ந்திருக்கும் கேட்சரின் முகத்துக்குப் போகும். பேட்டை எறிந்தால் அவுட் என்று உங்கள் லீக்கில் விதியே எழுதிவிடுங்கள். மூன்றாவது, பேஸில் போய் நிற்பதற்காக வேகத்தைக் குறைப்பது. முதல் பேஸைத் தொட்டுவிட்டு நேராகத் தாண்டி ஓடலாம், அவுட் இல்லை. இரண்டாவது, மூன்றாவது பேஸில் அப்படித் தாண்டினால் பந்தால் தொட்டு அவுட் ஆக்கிவிடுவார்கள்.

எல்லோரும் குழம்புகிற இடம் ஒன்று உண்டு. எப்போது பேஸை மிதித்தால் போதும், எப்போது ஓடுகிறவரைப் பந்தால் தொட வேண்டும் என்பது. நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது இப்படித்தான்: பின்னால் ஆள் வருவதால் வேறு வழியில்லாமல் அடுத்த பேஸுக்கு ஓடியே தீர வேண்டியவர் என்றால், பந்தைப் பிடித்துக்கொண்டு அந்தப் பேஸை மிதித்தால் போதும். அவராக ஆசைப்பட்டு ஓடினால் ஆளைத் தொட வேண்டும். பேட்டர் எப்போதும் முதல் பேஸுக்கு ஓடியே தீர வேண்டியவர், அதனால் அங்கே மிதித்தால் போதும். நான்கு பிள்ளைகளை பேஸ்களில் நிற்க வைத்து அரை மணி நேரம் நடந்து காட்டினால் புரிந்துவிடும். பலகையில் எழுதினால் புரியாது.

இன்ஃபீல்ட் ஃப்ளை என்றொரு விதி இருக்கிறது, சண்டை வருகிற விதி. முதல், இரண்டாவது பேஸ்களில் ஆள் நிற்கும்போது (மூன்றிலும் நின்றாலும் சரி), இரண்டு அவுட் ஆகாமல் இருக்கும்போது, உள் வட்டத்தில், அதாவது பேஸ்களை ஒட்டிய பகுதியில், சுலபமாகப் பிடிக்கக்கூடிய கேட்ச் எழும்பினால், பிடித்தாலும் விட்டாலும் பேட்டர் அவுட். ஃபீல்டர் வேண்டுமென்றே பந்தைக் கீழே விட்டு, பேஸை விட்டு நகராமல் நிற்கிற இரண்டு பேரையும் அவுட் ஆக்கிவிடக் கூடாது என்பதற்காக வந்த விதி. இதைப் பந்து மேலே இருக்கும்போதே அம்பயர் சத்தமாகச் சொல்ல வேண்டும். கீழே விழுந்த பிறகு சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

ஆக, அணிக்கு இரண்டு பேர் அம்பயரிங் படித்தே ஆக வேண்டும் என்பதைச் சேர்க்கைக்கான நிபந்தனையாகவே வையுங்கள். ஒரு ஆட்டத்தில் ஆடாத அணியிலிருந்து இரண்டு பேர் அம்பயராக, ஒருவர் ஸ்கோரராக நிற்க வேண்டும், வராவிட்டால் அந்த அணிக்குப் புள்ளி வெட்டு. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் கிடைக்கிறது. அக்டோபரிலும் நவம்பரிலும் மைதானத்தில் கால் வைக்க முடியாது. அந்த இரண்டு மாதத்தையும் விதி வகுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியின் ஒரு வகுப்பறையோ ஊர் வாசகசாலையோ போதும். ஸ்கோர் எழுதுவதையும் அப்போதே பழக்குங்கள். பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6, இடது, நடு, வலது அவுட்ஃபீல்ட் 7, 8, 9, ஸ்லோ பிட்சின் கூடுதல் ஆள் 10. "6-3" என்று எழுதியிருந்தால் ஷார்ட்ஸ்டாப் எடுத்து முதல் பேஸுக்கு எறிந்து அவுட் என்று அர்த்தம். கணக்கில் ஆர்வமுள்ள பிள்ளைகள் இதை மிகவும் விரும்பி எழுதுவார்கள். ஆட வராத, ஆனால் மைதானத்தை விட்டு நகராத பிள்ளை ஒன்று எந்த ஊரிலும் இருக்கும். அந்தப் பிள்ளையிடம் ஸ்கோர் நோட்டைக் கொடுங்கள்.

சரி, மைதானம். பள்ளி மைதானம் என்றால் கால்பந்துக் கம்பங்கள் நிற்கும். மைதானத்தின் ஒரு மூலையில் ஹோம் பிளேட்டை வைத்தால் கோல் போஸ்ட் சரியாக ஃபவுல் கோட்டின் மேலேயே வந்துவிடும். பந்தைப் பார்த்துக்கொண்டு ஓடுகிறவர் அதில் மோதுவார். ஹோம் பிளேட்டை மூலையிலிருந்து உள்ளே தள்ளி வையுங்கள், கம்பத்தில் பழைய மெத்தையோ டயரோ கட்டுங்கள். மாலை ஆட்டம் என்பதால் பேட்டர் வடக்கே பார்க்கிற மாதிரி வைப்பது நல்லது. கிழக்கே பார்க்க வைத்தால் பேட்டருக்கு வசதிதான், ஆனால் பிட்சருக்கும் உள் வட்டத்தில் நிற்பவர்களுக்கும் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். ஸ்லோ பிட்சில் வேகமாக அடிபட்ட பந்து முதலில் போவது அவர்களிடம்தான். வடக்கே வைத்தால் முதல் பேஸ்காரருக்கு மட்டும் கொஞ்சம் கண் கூசும், அவருக்கு ஒரு நல்ல தொப்பி கொடுங்கள்.

பேஸ்களைச் சதுரமாக வைக்க நில அளவைக்காரர் தேவையில்லை. ஹோம் பிளேட்டிலிருந்து இரண்டாம் பேஸுக்கு 91 அடி 11 அங்குலக் கயிறு பிடியுங்கள். இரண்டு முனையிலிருந்தும் 65 அடிக் கயிறு பிடித்தால் அவை சந்திக்கிற இடம் வலப்புறம் முதல் பேஸ், இடப்புறம் மூன்றாம் பேஸ். பின்னால் ஃபாஸ்ட் பிட்சுக்கு மாறும்போது பேஸ் தூரம் 60 அடி, மூலைவிட்டம் 84 அடி 10 அங்குலம். கேட்சருக்குப் பின்னால் 25 அடி தள்ளி ஒரு வலைத் தடுப்பு வேண்டும். அதற்குக் குளச்சலிலோ தேங்காப்பட்டணத்திலோ விசைப்படகுக்காரர்கள் கழித்துப் போட்ட இழுவலையைக் கேளுங்கள். மெல்லிய நரம்பு வலை வேண்டாம், கிழிந்துவிடும். தடித்த நூல் வலையாகவும், கண் மூன்று அங்குலத்துக்குள்ளும் இருக்கட்டும். பந்தின் குறுக்களவு நான்கு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, அதற்குள் சிக்காது. இரண்டு மூங்கிலோ கமுகுத் தடியோ நட்டால் தடுப்பு தயார். நம் பக்கத்துத் தரை சரல் நிறைந்தது. விழுந்து சறுக்கினால் தோல் உரியும். முதல் சீசனில் சறுக்குவதையே தடை செய்யுங்கள். பேஸ்களை இரும்பு ஆணி அடித்து நிறுத்தாதீர்கள். முதல் பேஸில் மட்டும் வெள்ளை, ஆரஞ்சு என்று இரட்டைப் பேஸ் வையுங்கள். ஃபீல்டர் வெள்ளையை மிதிப்பார், ஓடுகிறவர் ஃபவுல் பக்கமுள்ள ஆரஞ்சை மிதிப்பார், இருவரும் மோத மாட்டார்கள்.

இனி வாங்க வேண்டியவை. பெற்றோரிடம் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: பெயரில்தான் சாஃப்ட், பந்து மெத்து மெத்தென்று இருக்காது. 1887-ல் சிகாகோவில் ஒரு படகுக் கிளப்பின் கூடத்துக்குள் குத்துச்சண்டை கிளவ்வைச் சுருட்டிக் கட்டி, துடைப்பக் கம்பால் அடித்து ஆடத் தொடங்கிய ஆட்டம் இது. அன்று மெத்தென்று இருந்தது. இன்றைய பந்து 12 அங்குலச் சுற்றளவு, 180 முதல் 200 கிராம் வரை எடை. கிரிக்கெட் பந்தை விடக் கனம். அதனால் ஹெல்மெட்டும் கேட்சருக்கு முகக்கவசம், நெஞ்சுக்கவசம், கால்கவசமும் இல்லாமல் ஒரு ஆட்டமும் ஆடக் கூடாது. ஸ்லோ பிட்சில் பிட்சருக்கும் முகக்கவசம் போடுங்கள்.

கிளவ் விஷயத்தில் பலர் பணத்தை வீணாக்குகிறார்கள். எந்த நேரத்திலும் ஒரு அணிதான் ஃபீல்டிங் நிற்கும். ஒரு மைதானத்துக்குப் பன்னிரண்டு கிளவ் போதும், இன்னிங்ஸ் மாறும்போது இறக்கி வைத்துவிட்டுப் போக வேண்டும். பன்னிரண்டில் இரண்டு இடக்கைக்காரர்களுக்கு, அதாவது வலக்கையில் மாட்டுகிற வகையாக இருக்கட்டும். இல்லையென்றால் இடக்கைப் பிள்ளைகள் கிளவ்வைக் கழற்றிக் கழற்றி எறிந்து வெறுத்துப்போவார்கள். சிகாகோவில் இன்றும் 16 அங்குலப் பெரிய பந்தைக் கிளவ்வே இல்லாமல் ஆடுகிறார்கள். கிளவ் வந்து சேரும் வரை நீங்களும் பெரிய, மெத்தான பந்தை வைத்துப் பயிற்சியைத் தொடங்கலாம். பேட், நம் பக்கம் ஸ்லக்கர் என்கிறோமே, அது நான்கு போதும். மீரட்டிலும் ஜலந்தரிலும் செய்கிறார்கள். கடையில் பேஸ்பால் பேட்டைக் காட்டி இதுவும் அதுதான் என்பார்கள், ஏமாறாதீர்கள். சாஃப்ட்பால் பேட்டின் தடிமன் இரண்டேகால் அங்குலத்தையும் நீளம் 34 அங்குலத்தையும் தாண்டக் கூடாது. பந்து தோல் உறையாக இல்லாமல் செயற்கை உறையாக இருந்தால் நம் ஈரத்துக்கு ஊறாது.

எத்தனை அணி? நான்கு, அதற்கு மேல் வேண்டாம். அணிக்கு 12, 13 பேர் என்று எடுத்தால் உங்கள் ஐம்பது பேர் சரியாக வருவார்கள். ஒவ்வொரு அணியும் மற்றவற்றோடு இரண்டு முறை ஆடினால் 12 ஆட்டம். ஞாயிறுக்கு இரண்டு ஆட்டம், ஆறு வாரம், ஏழாவது வாரம் இறுதி. பொங்கல் கழிந்த ஞாயிறு தொடங்கினால் மார்ச் இரண்டாம் வாரத்துக்குள் முடித்துவிடலாம். மழை இல்லை, ரப்பர் இலை உதிர்ந்து பால்வெட்டு குறைகிற காலம். பொதுத்தேர்வு நெருங்குவதால் பிளஸ் டூ பிள்ளைகளை மட்டும் அந்த சீசனில் சேர்க்காதீர்கள். மண்டைக்காடு பகவதி அம்மன் கோவில் கொடை விழாவுக்கு ஒரு ஞாயிறை விட்டு வையுங்கள். ஞாயிறு காலையில் ஆட்டம் வைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். நம் மாவட்டத்தில் பாதிப் பேர் ஆராதனைக்கோ திருப்பலிக்கோ போயிருப்பார்கள். மூன்று மணிக்கு முதல் ஆட்டம், நாலரைக்கு இரண்டாவது. ஐந்து இன்னிங்ஸ் போதும், 65 நிமிடம் கழிந்தால் புது இன்னிங்ஸ் தொடங்கக் கூடாது.

அணி பிரிப்பதில்தான் எனக்கு அதிகக் கவலை. ஊர் பேரில், கோவில் பேரில், சபை பேரில், பங்கு பேரில் அணி வைத்தால் கூட்டம் நிறைய வரும் என்பது உண்மை. கால்பந்தில் நாம் அதைப் பார்த்திருக்கிறோம். ஆனால் அந்த ஆட்டங்கள் மைதானத்தில் முடிவதில்லை, ஊருக்குள் போய் முடிகின்றன. புது ஆட்டத்துக்கு அந்தப் பாரம் வேண்டாம். எல்லோர் பெயரையும் சீட்டு எழுதிக் குலுக்குங்கள். திருவட்டாறு ஆளும் அருமனை ஆளும் ஒரே அணியில் வரட்டும். அணிக்கு ஆறு, மலை என்று பெயர் வையுங்கள், கோதையாறு, பரளியாறு, பழையாறு, தாமிரபரணி என்று. பரிசுத் தொகையும் வேண்டாம். தொகை அறிவித்த மறு வாரமே வெளியூரிலிருந்து கூலிக்கு ஆள் இறங்குவார்கள், உங்கள் பிள்ளைகள் பெஞ்சில் உட்காருவார்கள். வளைகுடாவில் இருக்கும் ஊர்க்காரர்கள் பணம் தருவதாகச் சொன்னால் அதைக் கிளவ்வாகவும் ஹெல்மெட்டாகவும் வாங்கித் தரச் சொல்லுங்கள்.

பெண்களை எப்படிச் சேர்ப்பது என்று நீங்கள் தனியாகக் கேட்கவில்லை, நான் சொல்கிறேன். ஸ்லோ பிட்சில் கலப்பு அணி முறையாகவே உண்டு: ஐந்து ஆண், ஐந்து பெண், பேட்டிங் வரிசையில் மாறி மாறி. வீட்டில் அதற்குச் சம்மதம் கிடைத்தால் அப்படியே ஆடுங்கள். தயங்கினால் பெண்களுக்கென்று இரண்டு அணி தனியாக வையுங்கள், ஆனால் அவர்கள் ஆட்டத்தை மூன்று மணிக்கு வையுங்கள். ஆண்கள் ஆடி முடித்த பிறகு மிச்ச வெளிச்சத்தில் பெண்கள் ஆடட்டும் என்று வைத்தால், கடைசிப் பேருந்தை நினைத்தே பெற்றோர் அனுப்ப மாட்டார்கள். உடை மாற்ற பூட்டுகிற அறை ஒன்றும், தண்ணீர் வருகிற கழிப்பறையும் இருக்கிறதா என்று மைதானம் பேசும்போதே பாருங்கள்.

பதிவு பெரிய வேலை இல்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன்படி ஏழு பேர் இருந்தால் சங்கமாகப் பதியலாம். ஆனால் முதல் சீசன் ஆடி முடித்துவிட்டுப் பதியுங்கள். யார் உண்மையாக வேலை செய்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரியும், அந்த ஏழு பேர் பெயரைப் போடுங்கள். அதுவரை இரண்டு பேர் கையெழுத்தில் ஒரு வங்கிக் கணக்கு, மைதானத்துக்குப் பள்ளி நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி, 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்து, எல்லோருக்கும் விபத்துக் காப்பீடு. மைதானத்தில் முதலுதவிப் பெட்டியும் ஐஸும் எப்போதும் இருக்கட்டும். தலையில் பந்து பட்டால், அவர் எழுந்து நன்றாக இருக்கிறேன் என்று சொன்னாலும் அன்று ஆட விடாதீர்கள். மயக்கம், வாந்தி இருந்தால் 108-ஐ அழைத்து ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புங்கள். நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கில் மாவட்ட விளையாட்டு அலுவலரை ஒரு முறை நேரில் போய்ப் பாருங்கள். உதவி கிடைக்கிறதோ இல்லையோ, இப்படி ஒரு லீக் நடக்கிறது என்று அங்கே தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு விஷயம் மீதி இருக்கிறது. பள்ளிகளுக்கு இடையிலான தேசியப் போட்டியும் பல்கலைக்கழகப் போட்டியும் ஃபாஸ்ட் பிட்ச்தான். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் இடம் வேண்டும் என்று கனவு காண்கிற பெண்பிள்ளைக்கு ஞாயிறு ஸ்லோ பிட்ச் மட்டும் உதவாது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் சாஃப்ட்பால் மறுபடியும் வருகிறது. அதைத் தொலைக்காட்சியில் பார்க்கிற பிள்ளைகள் கையைச் சுழற்றி வீசக் கேட்டு உங்களிடம்தான் வருவார்கள். அதனால் லீக் தொடங்குகிற அன்றே சனிக்கிழமை காலையில் பிட்சிங் வகுப்பு ஒன்றையும் தொடங்குங்கள். எட்டுப் பேர் போதும், அதில் குறைந்தது ஐந்து பேர் பெண்பிள்ளைகளாக இருக்கட்டும். மைதானம்கூட வேண்டாம், ஒரு சுவர் போதும். முதல் மாதம் சுவருக்குப் பத்தடி தள்ளி நின்று மணிக்கட்டை மட்டும் சொடுக்கிப் பந்தைச் சுழல விட வேண்டும். அடுத்து அரைச் சுற்று, அதன் பிறகு முழுச் சுற்று, தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பெண்களுக்கான 43 அடிக்கு வர வேண்டும். சுவரில் 17 அங்குல அகலத்தில் ஒரு கட்டம் வரைந்து, பத்துப் பந்தில் எத்தனை உள்ளே விழுகிறது என்று ஒவ்வொரு சனியும் நோட்டில் எழுதுங்கள். பத்துக்கு ஆறு வீசுகிற பிள்ளைகள் நான்கு பேர் தேறிவிட்டால், அணிக்கு ஒருவராக வைத்து மூன்றாவது சீசனை ஃபாஸ்ட் பிட்ச் லீக்காக நடத்தலாம். அந்த எட்டுப் பேர் சேர்ந்ததும் சொல்லுங்கள், முதல் இரண்டு சனிக்கிழமை குலசேகரத்துக்கு நானே வந்து நிற்கிறேன்.